ஒளிப்பட நெகட்டிவ்களைப் படக்கருவி மூலம் எண்ணிமமாக்கல்

ஒளிப்பட நெகட்டிவ்களைப் படக்கருவி மூலம் எண்ணிமமாக்கல் என்பது, படச்சுருளிலோ கண்ணாடித் தகட்டிலோ உள்ள எதிர்மறைப் படங்களுக்கு (நெகட்டிவ்) பின்புறமிருந்து ஒளியூட்டி, எண்ணிமப் படக்கருவியால் மிக அருகிலிருந்து படமெடுத்துக் கணினிக் கோப்புகளாக மாற்றும் முறையாகும். பெரிய நெகட்டிவ்களைப் பல பகுதிகளாகப் படமெடுத்து, அப்பகுதிகளை மென்பொருள் மூலம் ஒரே படமாகச் சேர்ப்பது பட இணைப்பு அல்லது படத் தையல் எனப்படுகின்றது. தமிழகத்தில் கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர ஊர்களின் பழைய ஒளிப்பட நிலையங்களிலும் வீடுகளிலும் எஞ்சியுள்ள நெகட்டிவ்களைக் குறைந்த செலவில் காப்பதற்கு இம்முறை ஏற்றது.

வரலாறு

பல படங்களை இணைத்து ஒரே படமாக்கும் முயற்சி தமிழகத்துக்குப் புதியதன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லினேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைக் காகித நெகட்டிவ்களில் பகுதி பகுதியாகப் பதிவு செய்தார். அவற்றின் 21 அச்சுப்படிகளை அடுத்தடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படத்தை உருவாக்கினார்.

இதனைக் கணினி தானாகச் செய்வதற்கான அடிப்படைகள் பிற்காலத்தில் உருவாயின. 1983-இல் பர்ட், ஏடெல்சன் ஆகியோர் இணைப்புக் கோடு தெரியாமல் படங்களைக் கலக்கும் முறையை வெளியிட்டனர். 1998-இல் எல்முட் டெர்ஷ் 'பனோரமா டூல்ஸ்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். 1999-இல் டேவிட் லோ, இரு படங்களில் பொதுவாக உள்ள அடையாளப் புள்ளிகளைக் கண்டறியும் 'சிஃப்ட்' என்னும் வழிமுறையை முன்வைத்தார். கட்டற்ற மென்பொருளான 'ஹுகின்' பனோரமா டூல்ஸை அடிப்படையாகக் கொண்டது.

நெகட்டிவ்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட தரமான வருடிகளின் உற்பத்தி 2010-ஆம் ஆண்டளவில் பெரிதும் நின்றுபோனது. அதே காலத்தில் படக்கருவிகளின் பிரிதிறன் உயர்ந்தது. இவ்விரு காரணங்களாலும் படக்கருவி முறை பரவலாயிற்று.

தேவையான கருவிகள்

- படக்கருவி: வில்லையை மாற்றக்கூடியதும், பதப்படுத்தப்படாத 'ரா' கோப்புகளைத் தரக்கூடியதுமான எண்ணிமப் படக்கருவி.
- மேக்ரோ வில்லை: பொருளை அதன் உண்மை அளவிலேயே (1:1) உணரியில் விழச் செய்யும் வில்லை. தட்டையான பரப்பை ஓரம் வரை தெளிவாகக் காட்டுவதற்காகவே இவ்வகை வில்லைகள் வடிவமைக்கப்படுகின்றன.
- தாங்கி: படக்கருவியைக் கீழ்நோக்கி அசையாமல் பிடிக்கும் செங்குத்துத் தூண். பழைய இருட்டறை என்லார்ஜரின் தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு அதன் தூணைப் பயன்படுத்தலாம்.
- ஒளிமேசை: சீரான வெண்ணிற ஒளி தரும் எல்.ஈ.டி. பலகை. நெகட்டிவ் இதிலிருந்து சில செ.மீ. உயரத்தில் இருத்தல் வேண்டும். இல்லாவிடில் பலகையின் புள்ளிகளும் தூசியும் படத்தில் பதியும்.
- நகர்த்தும் சட்டகம்: நெகட்டிவை ஒரே தளத்தில் இடவலமாகவும் முன்பின்னாகவும் நகர்த்த உதவுவது.

செயன்முறை

1. பருத்திக் கையுறை அணிந்து, மென்தூரிகையாலும் காற்றுக் குமிழாலும் தூசி அகற்றப்படுகின்றது. வாயால் ஊதுதல் கூடாது.
2. நெகட்டிவ் வைக்கும் இடத்தில் சிறு கண்ணாடி (முகம் பார்க்கும் ஆடி) ஒன்று வைக்கப்படுகின்றது. அதில் தெரியும் வில்லையின் பிம்பம் சட்டத்தின் நடுவில் வருமாறு படக்கருவி சரி செய்யப்பட்டால், உணரியும் நெகட்டிவும் இணையாக உள்ளன என அறியலாம்.
3. நெகட்டிவைச் சுற்றியுள்ள ஒளி கறுப்பு அட்டையால் மறைக்கப்படுகின்றது.
4. ஒளியளவு, துளையளவு, வெண்சமநிலை, குவியம் ஆகிய அனைத்தும் கைமுறையில் நிலைப்படுத்தப்படுகின்றன. இவை தானியங்கி நிலையில் இருந்தால் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு வெளிச்சத்தில் பதிந்து, இணைத்த பின் கட்டம் கட்டமாகத் தெரியும்.
5. துளையளவு எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை வைக்கப்படுகின்றது. 1:1 உருப்பெருக்கத்தில் எஃப்/8 என்பது நடைமுறையில் எஃப்/16 ஆகிவிடுவதால், அதனினும் சிறிய துளை ஒளியின் விளிம்பு விலகலால் தெளிவைக் குறைக்கும்.
6. நெகட்டிவ் இல்லாமல் வெற்று ஒளிமேசை ஒருமுறை படமெடுக்கப்படுகின்றது. ஓரங்களில் தோன்றும் கருமையைப் பின்னர் நீக்க இது பயன்படும்.
7. படக்கருவியை அசைக்காமல் நெகட்டிவை மட்டும் நகர்த்திப் பகுதிகள் படமெடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியும் அடுத்ததுடன் ஏறத்தாழ 30 விழுக்காடு மேற்படிதல் வேண்டும்.

பகுதிகளின் எண்ணிக்கை

6000 × 4000 படவணுக்கள் கொண்ட முழுச்சட்ட உணரியை (36 × 24 மி.மீ.) எடுத்துக்கொண்டால், 35 மி.மீ. படச்சுருளின் ஒரு சட்டம் 1:1 அளவில் ஒரே படத்தில் அடங்கிவிடும். அதற்கு இணைப்பு தேவையில்லை.

120 வகைப் படச்சுருளின் சதுரச் சட்டம் 56 × 56 மி.மீ. அளவுடையது. இதனை 1:1 அளவில் படமெடுக்க, ஒரு வரிசைக்கு 2 வீதம் 3 வரிசைகளில் 6 பகுதிகள் தேவை. இணைத்த படம் பக்கத்துக்கு ஏறத்தாழ 9300 படவணுக்கள், அதாவது சுமார் 8.7 கோடி படவணுக்கள் கொண்டதாக இருக்கும். 16 பிட் கறுப்பு வெள்ளை டிஃப் கோப்பாகச் சேமித்தால் அது ஏறத்தாழ 174 மெகாபைட் இடம் பிடிக்கும்.

பழைய நிலையங்களில் குடும்பப் படங்களுக்குப் பயன்பட்ட 'ஆஃப் பிளேட்' எனப்படும் அளவு 4¾ × 6½ அங்குலம். இதனைப் பாதி அளவில் (1:2) எடுத்தால் 10 பகுதிகள் போதும். மில்லிமீட்டருக்கு 83 படவணுக்கள் வீதம் ஏறத்தாழ 13.8 கோடி படவணுக்கள் கிடைக்கும். முப்பது பேர் நிற்கும் கல்யாணப் படத்தில் பின்வரிசை முகத்தையும் அடையாளம் காண இது உதவும்.

பட இணைப்பு

மென்பொருள் முதலில் மேற்படியும் இடங்களில் பொதுப்புள்ளிகளைத் தேடுகின்றது. தவறான பொருத்தங்களை விலக்கி, பகுதிகளை உரிய இடத்தில் வைத்து, இறுதியில் எல்லைகளைக் கலக்கின்றது. அகலப்பரப்புக் காட்சிகளை இணைக்கும் மென்பொருள்கள், படக்கருவி ஒரே இடத்தில் நின்று சுழன்றதாக எண்ணிக் கணக்கிடுபவை. நெகட்டிவ் விடயத்தில் சுழற்சி இல்லை. தளத்தில் நகர்வு மட்டுமே உண்டு. ஆகவே இடப்பெயர்வை மட்டும் அனுமதிக்கும் அமைப்பைத் தெரிவு செய்தல் வேண்டும். இல்லாவிடில் நேரான விளிம்புகள் வளைந்துவிடும்.

நிலையப் படங்களில் பெரும்பகுதி வெறும் பின்திரையாகவே இருப்பதால் பொதுப்புள்ளிகள் கிடைக்காமற் போவதுண்டு. மேற்படிவை 50 விழுக்காடாக உயர்த்துதல், சட்டகத்தைச் சம அளவில் நகர்த்திக் கைமுறையாகப் பொருத்துதல் ஆகியன இதற்குத் தீர்வுகள்.

இணைத்த பின்னரே படம் நேர்ப்படமாக மாற்றப்படுகின்றது. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களுக்கு நிறச்செறிவைத் தலைகீழாக்கினால் போதும். வண்ண நெகட்டிவ்களில் உள்ள செம்மஞ்சள் பூச்சு தனியே நீக்கப்பட வேண்டும். தலைகீழாக்கப்படாத மூலக் கோப்பையும் பாதுகாத்தல் நல்லது. அக்கால ஒளிப்படக் கலைஞர்கள் முகத்தின் தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்க நெகட்டிவின் மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்தனர். அக்கோடுகள் பெரிதாக்கிய படத்தில் தெளிவாகத் தெரியும். அவை பழுதல்ல, அக்கலையின் சான்று என்பதால் மூலக் கோப்பில் அழிக்கப்படக்கூடாது.

கடலூர், சிதம்பரம் பகுதி

கடலூர் வங்கக் கடலோரத்தில் கெடிலம் ஆற்றை ஒட்டியும், சிதம்பரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலும் அமைந்துள்ளன. உப்புக் காற்றும் வடகிழக்குப் பருவமழைக் கால ஈரப்பதமும் நெகட்டிவ்களுக்குப் பெருங்கேடு விளைவிப்பவை. ஈரத்தில் செலட்டின் பூச்சு இளகி, உறையுடன் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை படரும். அசிட்டேட்டுச் சுருள்கள் வினிகர் நாற்றம் வீசிச் சுருங்கும். ஒரு சுருளில் தொடங்கும் இச்சிதைவு அதே பெட்டியிலுள்ள பிறவற்றையும் விரைவுபடுத்தும்.

இம்மாவட்டம் 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையாலும், 2011 திசம்பர் 30-இல் கரை கடந்த தானே புயலாலும், 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தாலும் பாதிக்கப்பட்டது. இத்தகைய பேரிடர்களில் வீட்டுப் பத்திரங்களுக்கு நகல் கிடைக்கலாம். ஒரே ஒரு நெகட்டிவில் மட்டும் உள்ள முகத்துக்கு நகல் இல்லை. நனைந்த செலட்டின் நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய விடாமல், குளிர்ந்த தூய நீரில் அலசி, பூச்சைத் தொடாமல் தனித்தனியே நிழலில் உலர்த்தப்பட வேண்டும். வெயிலிலோ சூடான காற்றிலோ உலர்த்துதல் கூடாது. 1950-களின் தொடக்கம் வரை வழக்கில் இருந்த நைட்ரேட்டுச் சுருள்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை என்பதால், அவற்றைத் தனியே பிரித்து வைப்பது இன்றியமையாதது.

எண்ணிமப் படக்கருவிகள் வந்த பின் பல நிலையங்கள் மூடப்பட்டன. பழைய நெகட்டிவ்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போடப்படுவதும் உண்டு.

கடலூரிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. வடக்கே உள்ள புதுச்சேரியில் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களின் ஒளிப்படங்களை 1956 முதல் தொகுத்து வந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அத்தொகுப்பில் உள்ளன. பிரித்தானிய நூலகத்தின் 'அழிவுறு ஆவணங்கள் திட்டத்தின்' உதவியுடன், 2010-களில் தமிழக ஒளிப்பட நிலையங்களின் பழைய படங்களை எண்ணிமமாக்கும் பணியையும் இந்நிறுவனம் மேற்கொண்டது.

உரிமை

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கட்டணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்படிக்கை இல்லாவிடில், அவ்வாறு எடுக்கச் செய்தவரே ஆவார். எனவே நிலையத்தில் உள்ள நெகட்டிவைக் காத்தல் வேறு, அதனைப் பொதுவில் வெளியிடுதல் வேறு. உறையின் மேல் எழுதப்பட்ட பெயர், நாள், எண் ஆகியவற்றையும் சேர்த்துப் படமெடுத்துக் கோப்புடன் இணைத்தல் வேண்டும். விவரம் இல்லாத படம் ஒரு தலைமுறைக்குப் பின் யாருடையது என்று அறிய இயலாததாகிவிடும்.

வரம்புகள்

- வண்ணப் படச்சுருள்களின் தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் கண்டறிந்து நீக்கும் வசதி சில வருடிகளில் உண்டு. படக்கருவி முறையில் இல்லை. எனினும் வெள்ளியால் ஆன கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் அவ்வசதி வருடிகளிலும் பயன்படாது.
- சுருண்ட நெகட்டிவ்களில் ஒவ்வொரு பகுதியின் குவியமும் மாறும். கண்ணாடியால் அழுத்தினால் நியூட்டன் வளையங்கள் தோன்றலாம்.
- எண்ணிமக் கோப்பும் அழியக்கூடியதே. குறைந்தது இரு படிகள், இரு வேறு ஊர்களில் வைக்கப்படுதல் நன்று. எண்ணிமமாக்கிய பின்னரும் மூல நெகட்டிவை எறிந்துவிடுதல் கூடாது.

இவற்றையும் பார்க்க

- ஒளிப்படவியல்
- எண்ணிமப் பாதுகாப்பு
- நுண்படச்சுருள்
- கடலூர் மாவட்டம்