கதவைச் சாத்த ஒரு வீடு

யாழ்ப்பாணப் பக்கம் “வீட்டை போறன்” எண்டு சொல்லுவம். கல்லும் சீமெந்தும் ஓடும் சேர்ந்த கட்டடமும், களைச்சுப் போய்த் திரும்புற இடமும் எங்களுக்கு ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கு. அறம், பொருள், இன்பம், வீடு எண்டு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பம். அங்கே வீடு என்றால் விடுதலை. ‘விடு’ என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. கட்டடம், திரும்பும் இடம், விடுதலை மூன்றையும் தமிழ் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது.

ஆண் பெண்ணைத்தான் விரும்ப வேண்டும், பிறந்தபோது சொன்ன பால்நிலையிலேயே சாக வேண்டும் என்ற கோட்டுக்குள் அடங்காத குயர் மனிதர்களுக்கு இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. கூரை இருக்கும், விடுதலை இருக்காது. விடுதலை தேடிப் போனால் கூரை போய்விடும். இலங்கையின் கலை வரலாற்றில் சிலருக்கு மட்டும் இவை சேர்ந்து கிடைத்திருக்கின்றன. அது எப்படிக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டத்தைப் பார்ப்பம். ஆங்கிலேயர் 1883 இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையில் 365 ஆம் பிரிவும் 365ஏ பிரிவும் இன்றும் இருக்கின்றன. 365ஏ ஆண்களுக்கு இடையிலான “ஒழுக்கக்கேட்டை”ப் பற்றிப் பேசியது. 1995 இல் அதைத் திருத்தினார்கள். ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்து ‘ஆள்’ என்று போட்டதால் பெண்களும் அதற்குள் வந்தார்கள். நீக்கச் சொன்னால் விரித்து வைத்தார்கள்! இந்தப் பிரிவில் கவனிக்க வேண்டிய ஒரு விடயம், குற்றம் வெளியில் நடந்தாலும் தனி இடத்தில் நடந்தாலும் குற்றமே என்று அது சொல்வது. உங்கட அறைக் கதவைச் சாத்தினாலும் சட்டம் உள்ளேதான் நிற்கும்.

அப்ப வீட்டை விட்டு வெளியே வந்தால்? அங்கே 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வீடு வாசல் இல்லாமல் தெருவில் நிற்பவர்களைப் பிடிக்க எழுதிய சட்டம். திருநங்கையரையும் பாலியல் தொழிலாளர்களையும் தெருவில் வைத்துப் பிடிக்கப் பொலிஸ் இதைத்தான் கையில் எடுத்து வந்திருக்கிறது. ஒரு சட்டம் வீட்டுக்குள்ளே வருகிறது, மற்றது வீடில்லாதவரைத் தண்டிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குயர் மனிதர் எங்கே நிற்பது?

வழி கண்டுபிடித்தவர்களில் ஒருவர் லயனல் வென்ட். 1900 இல் கொழும்பில் பிறந்தவர். பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த அப்பா உயர் நீதிமன்ற நீதியரசர். லண்டனில் சட்டமும் பியானோவும் படித்துவிட்டு 1924 இல் திரும்பி வந்தார். சட்டத்தை விட்டுவிட்டுப் பியானோவையும் பிறகு கமெராவையும் பிடித்துக்கொண்டார். 1934 இல் வந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் கேட்கும் குரல் இவருடையதுதான். கொழும்பு 7 இல், கில்போர்ட் கிறசன்ரில் இருந்த இவருடைய வீட்டுக்குப் பெயர் ‘அல்போராடா’. 1943 ஓகஸ்ட் மாதம் அந்த வீட்டில் கூடிய ஓவியர்கள்தான் ‘43 குழு’ என்ற பெயரில் இந்த நாட்டின் நவீன ஓவியத்தைத் தொடங்கி வைத்தார்கள். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல எல்லாரும் அந்தக் குழுதான்.

வென்ட் எடுத்த படங்களில் மீனவர், தொழிலாளர், நடனக்காரர், கோவணம் கட்டிய இளைஞர்கள், ஆடையில்லாத ஆண் உடல்கள் நிறைய. ஒளியைத் தலைகீழாக்கியும் ஒரு படத்துக்குமேல் இன்னொன்றை அடுக்கியும் அச்சிட்டார். ஆண் உடலை ஆசையோடு பார்க்கும் ஒரு கண் அந்தப் படங்களில் இருப்பதைப் பின்னாளில் எழுதியவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அவர் தன்னைப் பற்றிப் பொதுவில் எதுவும் அறிவித்ததாக இல்லை. அறிவித்தால் மறியல்தானே. 1944 டிசம்பரில், 44 வயதில் இறந்துபோனார். அதன்பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. மிஞ்சிய அச்சுப் பிரதிகளைத்தான் நாங்கள் இன்று பார்க்கிறம்.

வீடு? அல்போராடா இருந்த அதே காணியில்தான் இன்று லயனல் வென்ட் கலை அரங்கு நிற்கிறது. கொழும்பில் நாடகம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு ஒருவருடைய வீட்டு நிலத்தில் கதிரை போட்டு இருக்கிறம் என்பது தெரியும்? பிள்ளை குட்டி இல்லாதவரின் வீடு பேரப்பிள்ளைகளுக்குப் போகவில்லை, ஊருக்குப் போனது.

இதே கதை இன்னும் இரண்டு இடங்களில் நடந்தது. முஸ்லிம், பறங்கி, சிங்கள வேர்கள் கலந்த ஒரு குடும்பத்தின் சகோதரர்கள் பெவிஸ் பாவாவும் ஜெஃப்ரி பாவாவும். மூத்தவர் பெவிஸ் 1929 அளவில் அளுத்கமைக்குக் கிட்ட ஓர் இறப்பர்த் தோட்டத்தைப் பூந்தோட்டமாக மாற்றத் தொடங்கினார். வழக்கறிஞரான அப்பா ஒரு வழக்கில் உழைத்த காசில் வாங்கிய காணி என்பதால் அதற்குப் பெயர் ‘பிறீஃப்’. வெளியில் பெவிஸ் ஆங்கிலேய ஆளுநர்களின் மெய்க்காவல் அதிகாரி. தோட்டத்துக்குள்ளே ஆண் சிலைகளும் ஒளிந்து ஒளிந்து போகும் பாதைகளும் விருந்தாளிகளும். இளையவர் ஜெஃப்ரி 1948 இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் தெத்துவ வாவிக் கரையில் லுனுகங்கவை வாங்கினார். கட்டடக் கலைஞராவதற்கு முன்பே வாங்கிய அந்த இடத்தை 2003 இல் சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். நாடாளுமன்றக் கட்டடம் அவர் கட்டியதுதான். ஆனால் ஒருநாளும் கட்டி முடிக்காத கட்டடம் அவருடைய சொந்த வீடு.

இந்த இரண்டு தோட்டங்களையும் பார்த்தால் ஒரு விசயம் விளங்கும். வீடு தெருவைப் பார்த்து நிற்கவில்லை. உள்ளுக்குள் உள்ளாக முற்றமும் மரமும் தண்ணீரும், ஒரு மூலை திரும்பினால்தான் அடுத்தது தெரியும். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற கட்டடக்கலை என்று இதைப் படிப்பார்கள். அதுவும் சரிதான். ஆனால் சட்டம் அறைக்குள்ளும் வரும் என்று தெரிந்த ஆட்கள் கட்டிய வீடுகளும் இவைதான். தெருவுக்கும் அறைக்கும் நடுவில் எவ்வளவு மரம் நடலாமோ அவ்வளவும் நட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

பெவிஸ் இறந்தபோது காணியின் பகுதிகளைத் தன்னிடம் வேலை செய்தவர்களுக்கு எழுதி வைத்தார். லுனுகங்க ஓர் அறக்கட்டளையிடம் போனது. இரத்த உறவுக்கு வெளியே சொத்து கைமாறிய இந்த வழக்கத்தை எங்கட குயர் வரலாற்றின் ஒரு முதுசமாக நான் பார்க்கிறன்.

இனிக் கசப்பான பக்கம். மரம் நட ஏக்கர் கணக்கில் காணி வேண்டும். காணிக்கு உறுதி வேண்டும். உறுதி கையில் இருந்தவர்களுக்கு வரலாறும் இருக்கிறது. வென்டின் படங்களில் நிற்கும் அந்த ஆண்களுக்கு என்ன பெயர்? அநேகமானவர்களின் பெயர் பதிவாகவில்லை. அவர்கள் விரும்பி நின்றார்களா, காசுக்கு நின்றார்களா, மறுத்திருக்க முடியுமா? படமெடுத்தவரின் முகவரி தெரியும். படத்தில் நிற்பவர் இரவு எந்தக் குடிசைக்குத் திரும்பினார் என்று தெரியாது.

பாதுகாப்பான வீடு எல்லாருக்கும் பாதுகாப்பானதும் அல்ல. வென்டின் கொழும்பு நண்பர்களில் ஒருவர் பப்லோ நெரூடா. 1929 அளவில் சிலி நாட்டுத் தூதரக அலுவலராக வெள்ளவத்தையில் இருந்தவர். தன் வீட்டு மலவாளியை எடுக்க வந்த தமிழ்ப் பெண்ணைத் தான் பலவந்தப்படுத்தியதை அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1974 இல் வந்த அந்தப் புத்தகத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. பெவிஸின் தோட்டத்துக்குச் சிலநாள் விருந்தாளியாக வந்து ஐந்து வருடமளவில் தங்கிய அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃப்ரெண்ட், சிறுவர்களோடு பாலுறவு கொண்டதைத் தன் நாட்குறிப்புகளில் பதிந்து வைத்திருக்கிறார். அது துஷ்பிரயோகம். குயர் வரலாறு எழுதுகிறம் என்பதற்காக அதற்கு வேறு பெயர் வைக்க ஏலாது. வறியவரின் உடலைப் பணக்காரர் எடுத்துக்கொள்வது யாருடைய வீட்டில் நடந்தாலும் விடுதலை ஆகாது.

சரி, எங்கட ஆக்கள் எங்கே? தமிழ்க் குயர் வாழ்க்கைக்கு இந்த நாட்டில் தோட்டம் கிடைக்கவில்லை, ஒரு நாவல் கிடைத்தது. ஷ்யாம் செல்வதுரை 1965 இல் கொழும்பில் தமிழ் அப்பாவுக்கும் சிங்கள அம்மாவுக்கும் பிறந்தவர். 83 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடா போனார். அவருடைய ‘ஃபனி போய்’ 1994 இல் வந்தது. அதில் அர்ஜி என்ற தமிழ்ப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா, பாட்டி வீட்டு முற்றத்தில் பெண்பிள்ளைகளோடு கலியாண விளையாட்டு விளையாடுவான். சேலை கட்டி மணப்பெண்ணாக நிற்பவன் அவன்தான். பெரியவர்கள் கண்டு அதை நிறுத்துகிறார்கள். அன்றைக்கே அவன் முதல் வீட்டை இழந்துவிடுகிறான். கடைசியில், 1983 ஜூலையில், அவர்களுடைய வீட்டையே எரித்துவிடுகிறார்கள்.

கொழும்பில் அந்த நாட்களில் வாக்காளர் இடாப்பை வைத்துத்தான் தமிழ் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்பது எங்கட வீடுகளில் பலமுறை கேட்ட கதை. செல்வதுரை செய்த பெரிய காரியம், இந்த இரண்டு இழப்பையும் ஒரே பையனுக்கு நடக்க விட்டது. தமிழன் என்பதால் நாடு அவனை வெளியே தள்ளுகிறது. பையன் பையனை விரும்புகிறான் என்பதால் சொந்த வீடு அவனை ஏற்கெனவே தள்ளிவிட்டது. இனக்கலவரத்தில் வீடிழந்த ஒரு சமூகம், தன் பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்தும்போது என்ன செய்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

2020 இல் தீபா மேத்தா அந்த நாவலைப் படமாக்கியபோது தமிழர்களே கடுமையாக விமர்சித்தார்கள். தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழ் நடிகர்கள் போதாது, பேசுகிற தமிழ் எங்கட தமிழ் போல இல்லை என்று. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறன். பேச்சும் ஒரு வீடுதான். அதேநேரம் உச்சரிப்பில் காட்டிய அக்கறையை அர்ஜியைப் போன்ற பிள்ளைகள் மேலும் காட்டினால் நல்லது.

பெண்களைப் பற்றி இவ்வளவு நேரமும் சொல்லாததைக் கவனித்திருப்பீர்கள். கலியாணம் கட்டாத ஆண் தனியாக ஒரு தோட்டத்தில் இருந்தால் ‘ரசனைக்காரர்’. அதே பெண் இருந்தால் ஊர் விடுமா? தனி வீடு வைத்திருந்த பெண்கள் குறைவு, அதனால் பதிவும் குறைவு. பெண்ணை விரும்பிய பெண்களின் வரலாறு மாமி வீட்டுப் பின்னறையிலும், விடுதி அறையிலும், எரித்துவிட்ட கடிதங்களிலும் இருந்திருக்க வேண்டும்.

இன்று நிலைமை எப்படி? 2023 மே மாதம், ஒரேபால் உறவைக் குற்றமாக்கும் பிரிவுகளை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் இன்னும் மாறவில்லை. வாடகைக்கு அறை கேட்டால் “நீங்க இரண்டு பேரும் என்ன முறை?” என்ற கேள்வி இன்னும் வருகிறது. உறுதியும் காணியும் உள்ளவர்கள் 1929 இலும் கதவைச் சாத்தினார்கள். மற்றவர்களுக்குத்தான் சட்டம் மாற வேண்டியிருக்கிறது.

ஆகவே லுனுகங்கவுக்குப் போங்கோ, பிறீஃபுக்குப் போங்கோ, வென்டின் படங்களைப் பாருங்கோ. அழகானவை, எங்களுக்கும் உரியவை. பார்க்கும்போது கேட்டுப் பாருங்கோ: இந்தப் புல்லை வெட்டியது யார், இந்தப் படத்தில் நிற்பவரின் ஊர் எது? பிறகு உங்கட ஊரில் தேடுங்கோ. கலியாணம் கட்டாமலே இருந்த பெரியப்பா, ஆயுள் முழுக்கச் சிநேகிதியோடு ஒன்றாக இருந்த ரீச்சர் போன்றவர்களின் வீடுகள் எங்கே நின்றன, இப்ப அங்கே யார் இருக்கினம்? அவர்களை நாங்களாக ஒரு பெயரிட்டு அழைக்கத் தேவையில்லை. இருந்தார்கள் என்று எழுதி வைத்தால் போதும். காணி உறுதி இல்லாதவர்களுக்கு அந்த எழுத்துத்தான் உறுதி.