குதிரை பார்த்தது

ஹான்ஸ் என்ற குதிரையைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாகக் கேலியில்தான் முடிக்கிறார்கள். கணக்குப் போடுவதாக நம்பப்பட்ட குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று நிரூபணமாயிற்று. அத்தோடு விஷயம் தீர்ந்தது. எனக்கு அப்படித் தீரவில்லை.

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஹான்ஸுக்குப் பல வருஷங்கள் பாடம் நடத்தினார். சரியான விடைக்கு ரொட்டித் துண்டு, காரட். ஹான்ஸ் முன்னங்கால் குளம்பைத் தட்டி விடை சொல்லிற்று. கூட்டல், பின்னம், தேதி எல்லாம். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அவர் காசு வாங்கவில்லை. 1904-ல் கார்ல் ஸ்டும்ப் தலைமையில் கூடிய குழு, இதில் தந்திரம் எதுவும் இல்லை என்றது. உண்மைதான். யாரும் ஏமாற்றவில்லை.

பிறகு ஸ்டும்பின் மாணவர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் வந்தார். கேட்பவருக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேட்கச் செய்தார், ஹான்ஸ் தவறிற்று. கண்ணுக்கு மறைப்புக் கட்டினார். ஹான்ஸ் கேட்பவரைப் பார்த்துவிடத் திமிறிற்று. கேள்வியை முடித்ததும் கேட்பவர் குளம்பைப் பார்க்கச் சற்றே குனிகிறார். குதிரை தட்டத் தொடங்குகிறது. எண்ணிக்கை சரியானதும் அவர் தலை, அவரறியாமல், இம்மியளவு நிமிர்கிறது; குதிரை நிறுத்திவிடுகிறது. 1907-ல் ஃபுங்ஸ்ட் இதைப் புத்தகமாக எழுதினார். என்னை உறுத்துகிற தகவல் ஒன்று உண்டு: ரகசியம் தெரிந்த பின்னும் தன் தலையசைவை அவராலேயே அடக்க முடியவில்லை.

ஃபான் ஓஸ்டன் இந்த முடிவை ஏற்காமலே 1909-ல் இறந்துபோனார். ஹான்ஸ் எல்பர்ஃபெல்ட் நகரத்து நகை வியாபாரி கார்ல் க்ராலிடம் போயிற்று. அவரும் குதிரைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இதைக் குதிரையின் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த முற்றத்தில் கூர்ந்து பார்த்தது அது ஒன்றுதான். மனிதர் சொல்லால் பேசிக்கொண்டிருந்தார். அது அவர் உடம்பைப் படித்துக்கொண்டிருந்தது. குதிரை ஏறிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. கடிவாளத்தை இழுக்குமுன்பே தொடை இறுகுகிறது, மூச்சு நிற்கிறது. சேணத்துக்குக் கீழே செய்தி போய்விடுகிறது. குதிரையோடு பேசக் கற்பது என்றால், தான் ஏற்கெனவே என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம். ஃபான் ஓஸ்டன் அந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லை.

நானும் படித்தவனில்லை. நண்பர் ஒருவர் தம் கவிதையை வாசித்துக்காட்டினார். ஏதோ ஒரு வரியில் என் முகம் இளகியிருக்க வேண்டும். மறுவாரம் அவர் திருத்திக் கொண்டுவந்த பிரதியில் அந்த ஒரு வரி மூன்று வரிகளாகப் பெருகியிருந்தது. அபிப்பிராயமாக நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இப்போது நன்றாக வந்திருக்கிறது என்றேன்.