முக்டென் ரயில் நிலையத்தில் ஒரு வைத்தியர்



நம் பாட்டன் பாட்டிமார் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்தபோது, நேரே தோட்டத்துக்குப் போய்விடவில்லை. பூலாவ் ஜெரெஜாக் தீவில் அவர்களை இறக்கி, அம்மையோ காலராவோ கூட வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே விட்டார்கள். அந்தக் கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு, இன்று நான் சொல்லப் போகும் சரித்திரம் அந்நியமாகத் தோன்றாது. இது நடந்தது சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியாவில். காலம் 1910ஆம் ஆண்டின் கடைசியும் 1911ஆம் ஆண்டின் தொடக்கமும்.

மஞ்சூரியாவில் தார்பகன் என்றொரு பிராணி உண்டு. பார்வைக்குப் பெரிய அணில் போல இருக்கும். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும். அதன் தோலுக்கு ஐரோப்பாவில் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. ஷாந்துங் மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் கூலிகள் ஆயிரக்கணக்கில் வேட்டையில் இறங்கினார்கள். அந்த மண்ணில் பிறந்த மங்கோலிய வேடர்கள், தள்ளாடி நடக்கும் தார்பகனைத் தொடவே மாட்டார்கள். அது நோயுற்ற பிராணி என்று பரம்பரையாக அவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? ஓட முடியாத பிராணியைப் பிடிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. இரவில் நெருக்கமான சத்திரங்களில், ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படும்படி படுத்தார்கள். இப்படித்தான் பிளேக் மனிதருக்குள் புகுந்தது.

அதிலும் இது எலித் தெள்ளால் பரவும் பிளேக் அல்ல. நுரையீரலைப் பற்றி, இருமலால் பரவும் பிளேக். வந்தவர் பிழைப்பதில்லை. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். இக்காலத்தில் இதற்கு மருந்து இருக்கிறது, அன்று இல்லை.

நோயை எதிர்க்க ஹார்பின் நகருக்குப் போகுமாறு சீன அரசாங்கம் முதலில் கேட்ட மருத்துவர் மறுத்துவிட்டார். அடுத்துக் கேட்கப்பட்டவர் நம் பினாங்கில் பிறந்தவர். பொற்கொல்லரின் மகனான டாக்டர் வூ லியன் தே, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவரானவர். ஆனால் வெள்ளையர் அல்லாதவருக்கு இங்கே அரசாங்கத்தில் உயர்ந்த மருத்துவப் பதவி கிடையாது. ஆகவே சீனாவுக்குப் போனார். 31 வயதில், 1910 டிசம்பர் 24ஆம் தேதி, ஒரே ஒரு மாணவரை உதவிக்கு அழைத்துக்கொண்டு ஹார்பினில் இறங்கினார். மூன்றாம் நாள் ஓர் உடலை அறுத்துப் பார்த்தார். நோய் மூச்சின் வழியே பரவுகிறது என்று கண்டு, பஞ்சும் வலைத்துணியும் வைத்துத் தைத்த முகத்திரையை எல்லோரும் கட்ட வேண்டும் என்றார். 2020ஆம் ஆண்டில் நாமெல்லாம் முகக்கவசம் கட்டிக்கொண்டு கடைக்குப் போனோமே, அதற்கு இவரும் ஒரு முன்னோடி.

மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் அனுபவம் மிக்கவர். ஜனவரி 2ஆம் தேதி ஹார்பின் வந்தார். இளைஞரான ஒரு சீனர் தமக்கு மேலே இருப்பதா என்று சினந்தார். முகத்திரை இல்லாமலே ரஷ்யர் நடத்திய மருத்துவமனையில் நோயாளிகளைப் பரிசோதித்தார். 11ஆம் தேதி இறந்துபோனார். அவருடைய கோபத்தை நினைக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. உதவ வந்தவர்தானே அவரும்.

இதற்குள் சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டது. தீபாவளிக்கு எப்படியாவது ஊர் போய்ச் சேர வேண்டும் என்று நம்மவர் துடிப்பதில்லையா? அந்தக் கூலிகளும் சேர்த்த காசை முடிந்துகொண்டு ரயிலேறினார்கள். ரயில் போன திசையெல்லாம் நோயும் போயிற்று.

தெற்கே முக்டென் என்ற ஊர். இன்று அதற்கு ஷென்யாங் என்று பெயர். அங்கே ஒரு மருத்துவக் கல்லூரி அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதில் பாடம் சொல்ல ஆர்தர் ஜாக்சன் என்ற இளம் மருத்துவர் இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரயில் பயணிகளைச் சோதிக்க ஆள் தேவை என்றபோது, தாமாகவே முன்வந்தார். அவர் வந்தது பாடம் சொல்ல. பிளேக்கைப் பார்க்க அல்ல. மறுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஜனவரி நடுவில், ஊர் நோக்கிப் போன ஒரு ரயிலில் வழியிலேயே நோய் வெளிப்பட்டது. சுமார் 470 கூலிகளோடு அந்த ரயிலை முக்டெனுக்கே திருப்பிவிட்டார்கள். எலும்பை உறைய வைக்கும் பனிக்காலம். நிலையத்துக்கு அருகிலுள்ள சத்திரங்களில் அவர்களைக் காவலுக்குள் வைத்தார்கள். ஜாக்சன் வெள்ளை அங்கியும் முகத்திரையும் அணிந்து தினமும் அவர்களிடையே போனார். நோய் கண்டவரைப் பிரித்தார், மற்றவரைக் கவனித்தார். தினமும் சாவு விழுந்துகொண்டிருந்த இடம் அது.

ஜனவரி 25ஆம் தேதி ஜாக்சன் இறந்தார். வயது 26. திரை கட்டியிருந்தும் நோய் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஹார்பினில் வூ லியன் தே நகரை நான்கு பகுதியாகப் பிரித்துக் காவல் போட்டார். நோயாளிகளோடு பழகியவர்களை ரயில் பெட்டிகளில் தங்கவைத்தார். மண் பாறையாக உறைந்திருந்ததால் புதைக்க முடியாமல் குவிந்து கிடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை, அரசரின் அனுமதி பெற்று, ஜனவரி 31ஆம் தேதி எரித்தார். முன்னோரின் உடலை மண்ணுக்குக் கொடுக்கும் வழக்கமுள்ள மக்களிடம் இதைச் செய்வது எளிதா? ஆனால் அதன்பின் சாவு குறைந்தது. மார்ச் முதல் தேதியோடு ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியாவில் மாண்டவர் மொத்தம் சுமார் 60,000 பேர்.

ஜாக்சனின் பெயரும் மெஸ்னியின் பெயரும் நூல்களில் இருக்கின்றன. அந்த 470 பேரின் பெயர்களை நான் பார்த்த நூல் எதிலும் காணவில்லை. எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. கூலி என்று எழுதப்பட்டவரின் பெயர் ஏட்டில் ஏறாமல் போவது நமக்குப் புதிதல்ல.

வூ லியன் தே 1937இல் சீனாவை விட்டு மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போவில் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார். 1960இல் பிறந்த ஊரான பினாங்கிலேயே காலமானார்.

ஜாக்சனின் நினைவுக் கூட்டத்துக்கு மஞ்சூரியாவின் ஆளுநரே நேரில் வந்தார். தம் நாட்டு மக்களுக்காக உயிர் கொடுத்த அந்நியருக்கு நன்றி சொல்லி, அவருடைய தாயாருக்கு 10,000 டாலர் கொடுத்தனுப்பினார். அந்த அம்மாள் பணத்தை வைத்துக்கொள்ளவில்லை. மகன் பாடம் சொல்ல வந்த கல்லூரிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். 1912இல் அந்தக் கல்லூரி திறக்கப்பட்டது.