திரும்பி வரும் நோயாளி: பினாங்கில் மருத்துவச் சமூகப்பணியின் வரலாறு

ஒரே ஆண்டில் நான்கைந்து முறையோ அதற்கு மேலோ அவசர சிகிச்சைப் பிரிவை நாடி வருபவரை இன்றைய மருத்துவ ஆய்வுகள் தனி வகையாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அமெரிக்க மருத்துவமனைகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஒரு மதிப்பீடு, இத்தகையோர் நோயாளிகளில் 4.5 முதல் 8 விழுக்காட்டினரே என்றும், ஆயினும் மொத்த வருகைகளில் 21 முதல் 28 விழுக்காடு அவர்களுடையது என்றும் கண்டது. இவ்வாறு எண்ணிப் பார்ப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே 'இவர் ஏன் மறுபடியும் வந்தார்' என்ற கேள்வி மருத்துவமனைகளில் எழுந்துவிட்டது; ஆனால் அது அக்கறையாக அன்றி, இலவச மருத்துவத்தை ஏய்த்துப் பெறுபவர் யார் என்ற ஐயமாகவே எழுந்தது. அந்த ஐயம் ஒரு தொழிற்கல்வியாக மாறிய நெடும்பாதையின் மலேசியப் பகுதி பினாங்குத் தீவில், பெரிதும் கெலுகோரில் நிகழ்ந்தது.

இலண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனை 1895இல் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை 'அல்மோனர்' என்ற பதவியில் அமர்த்தியது. மருத்துவமனைக்கு வரும் ஏழைகளின் குடும்ப நிலையையும் வருவாயையும் விசாரித்து, இலவச சிகிச்சைக்கு உரியவர் யாரென முடிவு செய்ய உதவுவது அல்மோனரின் வேலை. கட்டணம் செலுத்தக்கூடியவர்களும் வெளிநோயாளர் பிரிவில் நெரிசலை உண்டாக்குகிறார்கள் என்று கருதிய அறக்கொடைச் சங்கம் ஒன்றே அவரை அனுப்பி வைத்தது. விசாரணை நடக்க நடக்க, ஏமாற்றுக்காரரைவிட, கொடுத்த மருந்தால் பயன்பெற வழியில்லாதவரே மிகுதியாகத் தென்பட்டனர்: நல்லுணவு உண்ணச் சொல்லப்பட்டவருக்கு உணவில்லை, ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவருக்கு ஒரு நாள் கூலியை இழக்க முடியவில்லை. 1905இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மருத்துவர் ரிச்சர்ட் கேபட் தொடங்கிய சமூகசேவைப் பிரிவும், நோயாளியின் வீட்டை அறியாமல் எழுதும் மருந்துச்சீட்டு வீண் என்ற முடிவிலிருந்தே பிறந்தது. வாயிலைக் காக்க அமர்த்தப்பட்டவரே உள்ளே வருவோருக்காக வாதாடத் தொடங்கியதுதான் இத்தொழிலின் தொடக்கம் எனலாம்.

பினாங்கின் நிலைமை வேறு. இன்றைய பினாங்குப் பொது மருத்துவமனையின் வேர், முன் ஆ ஃபூ என்ற சீனச் செல்வந்தர் 1854இல் நிறுவிய ஏழையர் மருத்துவமனையில் உள்ளது. 1882இல் அது இப்போதைய ரெசிடென்சி சாலை வளாகத்திற்கு மாறியது. சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உடல் தேய்ந்து, உற்றார் உறவினர் எவருமின்றி நின்ற ஒற்றை ஆண்களே அக்கால ஏழையர் மருத்துவமனைகளை நிறைத்தவர்கள். சிகிச்சை முடிந்தபின் அவர்களை எங்கே அனுப்புவது என்பதற்குக் காலனிய நிர்வாகத்திடம் நல்ல விடை இருக்கவில்லை.

தமிழ்த் தொழிலாளரைப் பொறுத்தவரை ஒரு விடை இருந்தது: கப்பல். தோட்டங்களில் முறையான மருத்துவப் பயிற்சி குறைந்த 'டிரெஸர்', அதாவது புண்கட்டி மருந்து கொடுக்கும் பணியாளர், பெரும்பாலான நோய்களைக் கவனித்துக்கொண்டார். அவர் கையை மீறியவர்கள் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். முதலாளிகளிடம் வரி வசூலித்து 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதி, ஆட்களை இலவசமாக வரவழைக்கப் பயன்பட்டது போலவே, பின்னாளில் இந்தியக் குடியேற்ற நிதி என்ற பெயரில், வேலைக்கு உதவாதவரெனக் கருதப்பட்டோரை ஊருக்குத் திருப்பியனுப்பவும் பயன்பட்டது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் தந்த இரத்தசோகையால் திரும்பத் திரும்ப மருத்துவமனைப் படியேறிய ஒருவரை நாகப்பட்டினத்திற்குக் கப்பலேற்றினால் மருத்துவமனையின் பதிவேட்டில் அவர் பெயர் மீண்டும் வராது. நிர்வாகக் கணக்கில் இது வெற்றி. நோய் மட்டும் கடல் கடந்தது. 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை சரிந்தபோது இதே வழியில் பெருந்தொகையானோர் அனுப்பப்பட்டனர். திரும்பி வரும் நோயாளியைத் திரும்ப முடியாத தொலைவுக்கு அனுப்பிவிடும் இந்த முறையை மலாயாவின் மருத்துவ வரலாறு போதிய அளவு பேசியதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1946இல் சமூக நல இலாகா அமைக்கப்பட்டது. சிங்கப்பூருக்கு 1949இலும், மலாயாவின் பெரிய மருத்துவமனைகளுக்கு 1950களிலும் பிரிட்டனின் அல்மோனர் முறை வந்து சேர்ந்தது. காசநோய் போன்ற நீண்டகால நோய்கள் அப்போது முதன்மையாக இருந்தன. கெலுகோர்க் கரைக்கு அப்பால் உள்ள ஜெரஜாக் தீவு தொழுநோயாளர் குடியிருப்பாகவும், கப்பலில் வந்திறங்கிய தமிழரைச் சில நாள்கள் ஒதுக்கி வைக்கும் நோய்த்தடுப்பு முகாமாகவும் இருந்து, போருக்குப் பின் காசநோயாளருக்கும் இடம் தந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் தகப்பனின் குடும்பம் எதை உண்ணும் என்பதற்கு விடை காணாமல் மருந்தைத் தொடர முடியாது என்பதால், வருவாய் விசாரணைக்கென வந்த பதவி உதவித்தொகை, வேலை, வீடு ஆகியவற்றைத் தேடித் தரும் பதவியாக விரிந்தது.

கெலுகோர் இக்கதையில் நுழைவது 1970களில். டேவிட் பிரவுன் குடும்பத்தின் தோட்ட நிலமாகவும் பின்னர் மின்டன் என்ற பிரிட்டிஷ் படைமுகாமாகவும் இருந்த இப்பகுதிக்கு, 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இல் குடிபெயர்ந்தது. படைவீரர் நடை பழகிய மேட்டில் 1975இல் சமூக மேம்பாடு, நிர்வாகம் என்ற பெயரில் நாட்டின் முதல் சமூகப்பணிப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. வகுப்பறையோடு நில்லாமல் மருத்துவமனை, நல இல்லம் முதலிய இடங்களில் களப்பயிற்சி பெறுவதும் அதன் பகுதியாயிற்று. இதே பல்கலைக்கழகம் 1979இல் மருத்துவப் பள்ளியையும் தொடங்கியது. ஆனால் அது கிளந்தானின் குபாங் கெரியானுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கேதான் 1998இல் நாட்டின் முதல் அவசர மருத்துவ முதுநிலைப் படிப்பு உருவாயிற்று. அவசரப் பிரிவில் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரும், அவர் ஏன் வந்தார் என வீடுவரை சென்று விசாரிக்கும் பணியாளரும் ஒரே பல்கலைக்கழகத்தில், தீபகற்பத்தின் இரு கரைகளில் பயின்றது விந்தையான பிரிவினைதான்.

மலேசிய அவசரப் பிரிவுகள் வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனத் தரம்பிரிக்கின்றன. உடனடி ஆபத்தில்லாதவர் பச்சைப் பகுதியில் காத்திருப்பார். அடிக்கடி வருபவர் பச்சைக்காரர்தான், சளிக்கும் காய்ச்சலுக்கும் வந்து நிற்பவர்தான் என்பது பரவலான எண்ணம். அது முழுதும் சரியன்று. சிறுநீரகம் செயலிழந்தவர் இரத்தச் சுத்திகரிப்பு முறை ஒன்றைத் தவறவிட்டால், உடலில் தேங்கும் நீர் நுரையீரலை அடைத்து, மூச்சுத்திணறலுடன் சிவப்புப் பகுதியில்தான் வந்து சேர்வார். தவறவிட்டதற்குக் காரணம் பல வேளைகளில் வண்டிக்கூலி. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகர அடுக்குமாடிகளுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் கள்ளின் இடத்தைச் 'சம்சு' எனப்படும் மலிவுச் சாராயம் பிடித்ததையும், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து இயக்கம் நடத்தியதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். நாள்பட்ட குடியர் குடியைத் திடீரென நிறுத்துகையில் வரும் வலிப்பு, அவரை மீண்டும் மீண்டும் அவசரப் பிரிவுக்குக் கொண்டு வருகிறது. 2005இல் மலேசியா தொடங்கிய மெத்தடோன் திட்டம், ஹெராயினுக்கு அடிமையானவருக்கு மருத்துவர் மேற்பார்வையில் மாற்று மருந்து கொடுத்து, ஒரு சாராரையாவது நெருக்கடி வருகையிலிருந்து ஒழுங்கான வருகைக்கு மாற்றும் வழியைத் திறந்தது.

இவ்வாறு மீண்டும் மீண்டும் வருவோருக்குச் சமூகப்பணியாளர் துணை நின்றால் வருகை குறையுமா என்பதில் மிகையான நம்பிக்கைக்கு இடமில்லை. அமெரிக்காவின் கேம்டன் நகரில் மருத்துவர் ஜெஃப்ரி பிரென்னர் தொடங்கிய கூட்டமைப்பு, அடிக்கடி மருத்துவமனையில் சேர்பவர்களின் வீட்டுக்கே செவிலியரையும் சமூகப்பணியாளரையும் அனுப்பிப் புகழ்பெற்றது. 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்த ஆய்வு 2020இல் வெளியானபோது, துணை பெற்றவரில் 62.3 விழுக்காட்டினரும் பெறாதவரில் 61.7 விழுக்காட்டினரும் 180 நாள்களுக்குள் மீண்டும் சேர்ந்திருந்தனர். மிக மோசமான நிலையில் தேர்ந்தெடுக்கப்படுபவர் எவ்வித உதவியும் இன்றியே ஓரளவு தேறிவிடுவதுண்டு. முந்தைய வெற்றிக்கதைகள் பல, ஒப்பிடும் பிரிவு இல்லாததால் அந்த இயல்பான சரிவைத் தம் சாதனையாக எண்ணிக்கொண்டன. வருகை எண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் நாகப்பட்டினக் கப்பலை வெல்லும் திட்டம் எதுவும் இராது. அந்த அளவுகோலையே கேள்விக்கு உட்படுத்தாமல் கேம்டன் முடிவை மட்டும் காட்டி மருத்துவச் சமூகப்பணியின் பயனை மறுப்பது, மேரி ஸ்டூவர்ட்டைப் பணியமர்த்தியவர்களின் பழைய ஐயத்துக்கே திரும்புவதாகும்.