பிட்காயின், எதீரியம், சோலானா: கணக்குப் புத்தகம் யார் கையில்?

"பிளாக்செயினை யாராலும் ஹேக் செய்ய முடியாது, உங்கள் பணம் பத்திரம்" என்று சொல்லியே புதுப்புது டிஜிட்டல் நாணயங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் விற்கப்படுகின்றன. ஆனால் எல்லா பிளாக்செயினும் ஒன்றல்ல. எனவே அவற்றின் அமைப்பைப் புரிந்துகொள்வது அவசியம்.

பிளாக்செயின் என்பது பலரும் தனித்தனியே பிரதி வைத்திருக்கும் ஒரு கணக்குப் புத்தகம். கடனை எழுதி வைக்கும்படியும், சாட்சிகளை ஏற்படுத்தும்படியும் அல்குர்ஆன் 2:282 வசனம் கட்டளையிடுவதை நாம் அறிவோம். பிளாக்செயினிலும் கேள்வி அதுதான்: எழுதுபவர் யார், சாட்சிகள் எத்தனை பேர்?

பிட்காயின்

2009 ஜனவரி 3 அன்று தொடங்கியது. சுமார் 10 நிமிடத்திற்கு ஒரு பக்கம் எழுதப்படும். எழுதும் உரிமையைப் பெற கணினிகள் மின்சாரம் செலவழித்துப் போட்டியிடுகின்றன. இதற்கு 'புரூஃப் ஆஃப் ஒர்க்' என்று பெயர். பழைய கணக்கைத் திருத்த நினைப்பவர் மொத்தக் கணினித் திறனில் பாதிக்கு மேல் கைப்பற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவே பிட்காயினுக்குக் காவல். ஆனாலும் கணினிகளை இணைத்து இயக்கும் குழுமங்கள் சில பெரிதாகிவிட்டன. 2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற ஒரே குழுமம் பாதி அளவை எட்டியது. இதே முறையில் இயங்கும் சிறிய வலைப்பின்னலான எதீரியம் கிளாசிக், 2019, 2020 ஆண்டுகளில் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானது.

எதீரியம்

2015 ஜூலையில் தொடங்கி, 2022 செப்டம்பர் 15 அன்று 'புரூஃப் ஆஃப் ஸ்டேக்' முறைக்கு மாறியது. மின் செலவு 99 சதவீதத்திற்கும் மேல் குறைந்தது. 32 எதர் பிணை வைப்பவர் சாட்சியாகலாம். முரணான சாட்சி சொன்னால் பிணையில் ஒரு பகுதி பறிக்கப்படும். ஆனால் லிடோ என்ற ஒரே சேவையின் வழியாக ஒரு கட்டத்தில் மொத்தப் பிணையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தது கவலைக்குரியதாகப் பேசப்பட்டது.

சோலானா

2020 மார்ச்சில் வந்தது. ஒரு நொடிக்குள்ளேயே அடுத்த பக்கம் எழுதிவிடும், கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் சாட்சியாக இருக்கச் சக்தி வாய்ந்த, விலை கூடிய கணினி தேவை. 2021 செப்டம்பரில் சுமார் 17 மணி நேரமும், 2024 பிப்ரவரியில் சுமார் 5 மணி நேரமும் வலைப்பின்னல் நின்றுபோனது.

சாட்சிகள் குறைந்தால்?

ஒரு விளையாட்டுக்காக உருவான ரோனின் வலைப்பின்னலின் பாலத்தில் 9 சாட்சிகள் மட்டுமே இருந்தனர். 5 பேர் ஒப்புக்கொண்டால் பணம் வெளியேறும். 2022 மார்ச்சில் அந்த 5 சாவிகள் திருடர்கள் கையில் சிக்கின. 1,73,600 எதரும் 2.55 கோடி டாலர் மதிப்புள்ள நாணயமும் பறிபோயின. ஆறு நாள் கழித்தே விஷயம் தெரிந்தது. அதுவும் பிளாக்செயின்தான்!

பணம் போடச் சொல்பவரிடம் கேட்க வேண்டியவை:

1. சாட்சிகள் எத்தனை பேர்? அவர்கள் ஒருவரையொருவர் சாராதவர்களா?
2. எத்தனை பேர் சேர்ந்தால் கணக்கை மாற்றலாம்?
3. வலைப்பின்னல் எப்போதாவது நின்றிருக்கிறதா?
4. சாவி என்னிடமா, உங்கள் நிறுவனத்திடமா?

நான்காவது கேள்வி மிக முக்கியம். சாவி மற்றவரிடம் இருந்தால், பிட்காயினின் காவலும் உங்களைக் காப்பாற்றாது.

கணக்குப் புத்தகம் பாதுகாப்பானது என்பதால் வியாபாரம் ஹலால் ஆகிவிடாது. இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில் கிரிப்டோவை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றும், நிபந்தனைகளுக்கு உட்பட்ட சரக்காக இருந்தால் வாங்கி விற்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. பிணை வைத்துப் பெறும் வருமானம் கூலியா வட்டியா என்பதிலும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே தொழில்நுட்பத்தை அறிந்தவரிடமும், மார்க்கத்தை அறிந்த ஆலிமிடமும் கேட்டுத் தெளிவு பெறாமல் குடும்பத்தின் சேமிப்பை இறக்க வேண்டாம்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.