ஈ-கேடெரின்

தோல், குடல், மார்பகச் சுரப்பி ஆகியவற்றின் மேற்படல உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதம். கால்சியம் இருந்தால்தான் இதன் பிடி நிற்கும். இப்புரதக் குடும்பத்தைக் கண்டறிந்தவர் ஜப்பானியரான மசதோஷி தாகெய்ச்சி. வெளிமுனை அண்டை உயிரணுவிலுள்ள தன்னினப் புரதத்தைப் பற்ற, உள்முனை கேட்டெனின்கள் என்னும் புரதங்கள் வழியே உயிரணுவின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளோடு இணைகிறது. பிடி அறுந்த உயிரணு எளிதில் இடம்பெயரும். மார்பகத்தின் லோபுலார் வகைப் புற்றுநோயில் இப்புரதம் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் அந்நோயின் உயிரணுக்கள் எறும்புச் சாரைபோல் ஒற்றை வரிசையில் திசுவுக்குள் ஊர்கின்றன. நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பமொன்றில் தலைமுறைதோறும் வந்த இரைப்பைப் புற்றுநோய்க்கு இப்புரதத்தின் மரபணுப் பிறழ்வே காரணம் என 1998இல் தெரியவந்தது. ஆனால் பிடி விட்டால்தான் புற்றுநோய் பரவும் என்று விதி வகுத்துவிட முடியாது: அழற்சிவகை மார்பகப் புற்று இப்புரதத்தை வைத்துக்கொண்டே, கொத்துக்கொத்தாக நிணநீர் நாளங்களில் பரவுகிறது.