பிரிம்சுட்டோன் வண்ணத்துப்பூச்சி

பிரிம்சுட்டோன் வண்ணத்துப்பூச்சி என்பது ஐரோப்பா, ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் காணப்படும் ஒரு வண்ணத்துப்பூச்சி இனமாகும். கந்தகத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலப் பெயரே இதற்கு வழங்குகிறது. 1758 இல் லின்னேயசு இதனை விவரித்தார். பிரித்தானியாவில் இளவேனில் தொடக்கத்தில் முதலில் தென்படும் வண்ணத்துப்பூச்சிகளுள் இதுவும் ஒன்று.

தோற்றம்

ஆண் பூச்சி கந்தக மஞ்சள் நிறமுடையது. பெண் வெளிர்பச்சை கலந்த வெண்ணிறமுடையது. ஆகவே பறக்கும்போது முட்டைக்கோசு வெள்ளை வண்ணத்துப்பூச்சி எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. இவை சிறகுகளை மூடியே அமரும். அப்போது இலை போலத் தோன்றும்.

வாழ்க்கை வட்டம்

இளவேனில் தொடக்கத்தில் பறப்பவை புதிதாகப் பிறந்தவை அல்ல. முந்தைய கோடையில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த இவை, ஐவி போன்ற பசுமைமாறாத் தாவரங்களின் இலைகளிடையே குளிர்காலத்தைக் கழித்து, பெப்ரவரி, மார்ச்சு மாதங்களின் வெயில் நாட்களில் வெளிவருகின்றன. பிரித்தானியாவில் இவற்றின் புழுக்கள் பக்தார்ன், ஆல்டர் பக்தார்ன் ஆகிய செடிகளின் இலைகளை உண்கின்றன. எனவே குளிர்கால மறைவிடமான ஐவிப் புதர்களும் இச்செடிகளும் அழிக்கப்படும் இடங்களில் இவ்வினம் நிலைப்பது கடினம்.